யோசுவாவுக்கு, ஆனை பார்க்கப் போகுமுன்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
1937 மே 12

நைரோபி ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் என் மகன் யோசுவாவுக்கும், மருமகள் தங்கபாய்க்கும், பேரன் சத்தியதாசுக்கும் அப்பா தாசையன் சொல்ல, உன் தங்கை ராகேல் எழுதுவது. கர்த்தர் காத்த அளவில் இங்கே எல்லாரும் சுகம், என் இடது முட்டு மட்டும் மழைக்கு முன்பே சேதி சொல்லத் தொடங்கிவிட்டது. உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ராகேல் மூன்று தடவை வாசித்தாள், நான்காவது தடவை நானே அவளுக்கு ஒப்பித்தேன். ஆகஸ்டில் பத்து நாள் லீவு, அதற்குள் ஊருக்கு வந்து திரும்ப முடியாது, அதனால் பெண்டாட்டி பிள்ளையோடு காட்டு மிருகம் பார்க்கப் போகலாம், மூன்று இடம் உண்டு, நாளோ ஒரு இடத்துக்குத்தான் காணும், காட்டில் முப்பது வருஷம் துரைமாருக்குத் தலைச்சுமடு எடுத்த அப்பாவே எது என்று சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறாய். ரயிலில் போனால் ஏரி நிறையச் சிவந்த கொக்கு. லாரியில் இரண்டு நாள் போனால் சிங்கமும், அடிவானம் வரை ஓடுகிற மான் கூட்டமும். இன்னொரு பக்கம் கிளிமஞ்சாரோ மலையடியில் ஆனைக்கூட்டம். அந்த மலை உச்சியில் வருஷம் முழுக்கப் பனி வெளுத்துக் கிடக்கும், அடியில் வெயில் கொளுத்தும் என்ற இடத்தில் ராகேலை நிறுத்தி, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

இங்கே வீட்டில் சண்டை. உன் அம்மை பொன்னம்மை, எனக்க பேரனைச் சிங்கத்துக்க முன்னால கொண்டு நிறுத்துவானா, கொக்கு பாத்தாப் போரும் என்கிறாள். ராகேலின் மாப்பிள்ளை ராஜையன் கடையை அடைத்துவிட்டு இதற்கென்றே வந்து உட்கார்ந்து, வெள்ளாயணிக் காயல்ல இல்லாத கொக்கா மாமி, ஆப்பிரிக்காவுல இருந்துகிட்டு கொக்கா பாப்பாங்க என்றார். அம்மை விட்டாளா, உமக்குச் சிங்கம் வேணுமெங்கில் மிருகக் காட்சிபங்களாவுல கூட்டில கிடக்கு, போய்ப் பாரும், அதுவும் உம்மப் போல உறங்கிட்டுத்தான் கிடக்கும் என்றாள். அப்பா ஏன் மிண்டாம இருக்கீரு என்று ராகேல் கேட்டாள். நான் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு, அது உன் அம்மைக்கே பாதிதான் தெரியும்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் கல்லாற்றுக்கு மேலே ஒரு துரையின் வேட்டைக்கூட்டத்தில் சுமட்டுக்காரர்களுக்கு நான் மூப்பன். கூடாரம் அடிக்க இடம் பார்ப்பது என் பொறுப்பு. ஆற்றோரத்தில் ஒரு இடம் கண்டேன், முள் இல்லை, மூங்கில் இல்லை, தரை சாணி மெழுகினது போல நிரப்பாக இருந்தது. கத்தி எடுக்க வேண்டாமே என்று எனக்குச் சந்தோஷம். வழிகாட்ட வந்த மலைவாசிக் காணிக்காரர், இது ஆனை பெருக்கின முற்றமாக்கும், நமக்குள்ளது இல்ல என்றார். ஆனைக்கு வாருகோல் ஆரு குடுத்தா ஓய் என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அதிகம் சிரித்தது என்னோடு சுமடு எடுத்த நெல்லையப்பன். சாயங்காலக் கஞ்சி கொதிக்குமுன் ஆனைகள் தண்ணீருக்கு இறங்கின. வழி அவற்றுடையது, நடுவே இருந்தது நாங்கள். நெல்லையப்பன் ஓடின பக்கம் தப்பான பக்கமாய்ப் போயிற்று. இப்போது உனக்குள்ள வயசுதான் அன்றைக்கு அவனுக்கு. அவன் அம்மையிடம் ஆனை கொன்றது என்று சொன்னேனே தவிர, இடம் பார்த்தது நான் என்று சொல்லவில்லை. அந்த அம்மை அறியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் சுமடு எடுத்தேன், ஆனால் ஒருத்தருக்கும் ஒரு இடம் சொன்னதில்லை, ராகேலுக்கு வீடு பார்த்தபோதுகூட ஒதுங்கி நின்றேன். இப்போது பெண்டாட்டி பிள்ளையோடு போகிற இடத்தை நீ என்னிடம் கேட்கிறாய்.

மூன்று நாள் யோசித்துச் சொல்லுகிறேன் மக்களே, ஆனை நிற்கிற இடத்துக்கே போ. அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இருக்கட்டும். முப்பது வருஷம் காட்டில் நடந்தும் முழு ஆனையை நான் கண்டதில்லை. சங்கிலி போட்ட ஆனையைச் சொல்லவில்லை, தன் இஷ்டத்துக்கு நிற்கிற ஆனையைச் சொல்லுகிறேன். மூங்கிலுக்கு நடுவே ஒரு காது, ஒரு கால், நனைந்த முதுகு, முறிகிற சத்தம், அவ்வளவே. அன்றைக்கும் தூசியும் கொம்பும்தான். அங்கேயோ மறைவே இல்லாத வெளியில், குட்டிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, நூறு ஆனை வெள்ளை மலைக்குக் கீழே நிற்கும் என்கிறாய். கர்த்தர் இவ்வளவு பெரிதாகச் செய்து வைத்ததை எனக்குத் துண்டு துண்டாகத்தான் காட்டியிருக்கிறார், நீயாவது முழுசாகப் பார்.

ஆனால் கேள். சுத்தமாக, நிரப்பாக இருக்கிற இடத்தில் கூடாரம் அடிக்காதே. முள் வெட்டிக் கை கிழியட்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் தங்காதே. சாம்பலைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார், உங்கள் மணம் ஆனைக்குப் போகக் கூடாது. வழிகாட்டக் கூட வருகிற மசாய்க்காரன் ஒரு இடத்தை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே, சிரிக்காதே, மூட்டையை எடு. சத்தியதாசைத் தோளில் வைத்துக் காட்டு, இறக்கி விடாதே. தங்கபாய் காலுக்குச் செருப்பு போடட்டும். கர்த்தர் உங்கள் மூன்று பேருக்கும் முன்னும் பின்னும் நடப்பாராக. ஆனை எப்படி நின்றது என்று பத்துக் கடலாசு ஆனாலும் எழுது, அது சாவகாசமாக வரட்டும். திரும்பின அன்றைக்கே மூன்று பேரும் சுகம் என்று ஒரு தந்திக் கம்பி மட்டும் அடித்துவிடு. கம்பி வரும் வரை ஆகஸ்டு முழுக்க நான் வாசலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு உன் அப்பா,
தாசையன், இடது கைப் பெருவிரல் ரேகை
எழுதினது ராகேல்