உள்ளே விடாத இரண்டு இஞ்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் அப்பா நலமா என்று கேட்டால், இருக்கிற உடம்பு நலம், ஆளில் முக்கால்வாசிதான் மிச்சம். வயிற்றைச் சின்னதாக்கும் அந்த ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகிறது. முதல் மாதம் பாவம், நிஜமாகவே முடியவில்லை, ரெண்டு ஸ்பூன் சூப் இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், மூன்றாவது ஸ்பூன் வாஷ்பேசினுக்குத்தான் போகும். முப்பது வருஷமாகக் கரண்டி கரண்டியாகப் போட்டும் போதாதென்று தட்டை நீட்டிய மனுஷனுக்கு இருமல் மருந்து மூடியில் அளந்து ஊட்டினேன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இப்போது டாக்டர், புண்ணெல்லாம் ஆறிவிட்டது, தினம் ஆறு வேளை, வேளைக்கு ஒரு முட்டை அளவாவது உள்ளே போயே ஆகணும் என்கிறார். ஆனால் துரைக்கு எதைக் கொடுத்தாலும் வயிறு ரொம்பிடுச்சு என்று ஒரே பாட்டு.

நானும் நம்பித் தொலைத்தேன். அவரோ தினமும் காலையில் தையல் கடையைத் திறந்ததும் ஊரார் இடுப்பை அளக்கிற டேப்பை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றி, எத்தனை இஞ்சு என்று கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார். போன புதன்கிழமை வெட்டுகிற மேஜைமேல் மயங்கி விழுந்துவிட்டார். சட்டை வாங்க வந்த வாத்தியார், டெய்லர் ஏதோ குனிந்து அளவு பார்க்கிறார் என்று அஞ்சு நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்தாராம். உன் அப்பாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டுக் கடையைப் பூட்டப் போனால் ஒரே நாற்றம். மெஷின் டிராயரைத் திறந்தேன், நூல்கண்டுகளுக்கு நடுவே காகிதத்தில் சுருட்டிய அவித்த முட்டை நாலு. நான் கொடுத்தனுப்பியதுதான். வீட்டுக்குத் திரும்பியதும், முட்டைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அது கூடப் பரவாயில்லை. தனக்குப் புதிதாகத் தைத்த பேண்டை அதே கடையில் மாட்டி வைத்திருந்தார், உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உனக்குத் தெரியாததா, யாருக்குத் தைத்தாலும் உள்ளே ரெண்டு இஞ்சு துணி விடாமல் தைத்ததில்லை அவர், உடம்பு வருஷா வருஷம் ஒரே மாதிரியா இருக்கும் என்பார். தன்னுடையதில் மட்டும் தையலை ஒட்டி ஒட்ட வெட்டி எறிந்திருக்கிறார். அதையும் கையோடு கொண்டுவந்து அவர் முன்னால் விரித்து, ஏன் என்றேன். பிரிக்கத் துணி இருந்தா பழையபடி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு என்றார்.

அந்தப் பயத்தை யார் கொடுத்தது? உன் கல்யாண போட்டோவில் அப்பா கொஞ்சம் பின்னாடி நில்லுங்க என்றவள் நீ. பீப்பாய் என்று நான் வைத்த பேர் தெருக்கோடி வரைக்கும் செல்லும். இப்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சூப்பர்ப்பா, இன்னும் ஒல்லியாயிட்டீங்க என்று நீ கைதட்டுகிறாய், அந்தக் கைதட்டலில் அவர் அடுத்த ரெண்டு வேளை பட்டினி. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அடுத்த செவ்வாய் எடை பார்க்கிறார்கள், இன்னும் ரெண்டு கிலோ இறங்கியிருந்தால் படுக்கையில் போட்டுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் இந்த ஞாயிறு ஒல்லி என்ற பேச்சையே எடுக்காதே. என்ன சாப்பிட்டீங்க என்று கேள், உன் கண்ணெதிரே ஒரு முட்டையை மென்று விழுங்கும் வரை போனை வைக்காதே. உன்னைப் பார்க்க வரும்போது போட்டுக்கொள்ள ஒரு கோட்டு வெட்டப் போகிறாராம், நீ பேசும் வரை வெட்டக்கூடாதென்று நான் கத்தரிக்கோலை ஒளித்து வைத்திருக்கிறேன். உள்ளே ரெண்டு இஞ்சு விட்டுத் தையுங்கப்பா, இந்தத் தடவை போட்டோவில் நடுவில் நில்லுங்க என்று நீ சொல். நான் சொன்னால் ஏறாது, நீ சொன்னால் கேட்பார்.

நீங்கள் ரெண்டு பேரும் வயிறார உண்டு நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பீப்பாய் என்று பேர் வைத்த பாவி,
உன் அம்மா