ஆறு மணிக்கு அழியும் காத்திருப்பு

12 ஜூலை 1976, திங்கள்

தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவதற்கான சீனியாரிட்டி பட்டியல் இன்றும் அச்சாகவில்லை. மூன்று வாரமாகத் தினமும் காலை பத்தரைக்கு அதன் துளையிட்ட அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டரில் போடுகிறேன்.

லோடிங் பிரிவில் இருக்கும் காத்திவாக்கத்து தேசிங்கு இன்று கம்ப்யூட்டர் அறைக் கதவருகே வந்து நின்றான். "இன்னா சார், உன் மிஷினுக்கு எங்க மேல இன்னா கோவம்?"

கோபமெல்லாம் இல்லை என்றேன். உள்ளே பல வேலைகள் காத்திருக்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எதை ஓட்டுவது என்று மேற்பார்வை புரோகிராம் முன்னுரிமை எண்ணைப் பார்த்து முடிவு செய்யும். விற்பனைக் கணக்குகளுக்கு ஒன்பது, உங்கள் பட்டியலுக்கு ஒன்று. விற்பனை வந்துகொண்டே இருக்கிறது.

"அப்ப எங்களுது எப்பதான் ஓடும்?"

காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எண் ஒன்று கூடும், ஒன்பதைத் தொட்டால் ஓடும். ஆனால் மாலை ஆறுக்கு மெஷினை அணைத்ததும் கூடியதெல்லாம் அழிந்துவிடும், மறுநாள் மறுபடி ஒன்று என்றேன்.

தேசிங்கு சிரித்தான். "எங்களுக்கும் அதேதான் சார். பர்மனென்ட் ஆவறதுக்கு நாலு நாள் கீதுன்னா பிரேக்குன்னு வூட்டுக்கு அனுப்பிடுறாங்க. திரும்பி வந்தா மொதல்லேர்ந்து. மிஷினுக்கு இத யாரு சார் கத்துக் குடுத்தது?"

உள்ளே வந்துவிட்டேன். மேலாளர் சொன்னபடி ஒன்று என்ற அந்த எண்ணை அட்டையில் குத்தியது நான். ஒரு கட்டளை தட்டினால் ஒன்பதாக்கலாம். தட்டவில்லை. என் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆறு மணிக்கு மெஷினை அணைத்தேன். பட்டியலின் எண் அப்போது எட்டில் இருந்தது.