எண்ணூறில் ஓடிய பதினான்கு நாள்

மார்ச் 3, திங்கள்

இன்று எட்டுப் பேர் என்னைத் துண்டோடு பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் மேலதிகாரிகள். என்னுடையவர்கள் இல்லை, பாப்பாவுடையவர்கள்.

குளித்துவிட்டு வெளியே வந்தால் ஹாலில் பாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு, "லைன் போச்சு, மறுபடியும் போச்சு" என்கிறாள். ரவுட்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் அலமாரி மேலே இருக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று போனேன். நான் கை வைப்பதற்குள் லைன் வந்துவிட்டது. கேமராவும் வந்துவிட்டது.

"அப்பா! பின்னாடி போங்க!"

போனேன். பின்னாடி போனால் முழு உருவமும் தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் பார்க்கிறேன், வைஃபை பெயர் மாறியிருக்கிறது: 'அப்பா தொடாதீங்க'. மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் நிறுத்திக் கேட்டார்: "சார், எதைத் தொடக்கூடாதாம்?"

மார்ச் 5, புதன்

விஷயம் சிரிப்பு இல்லை. பாப்பா என்று எழுதுகிறேனே தவிர அவளுக்கு இருபத்து நாலு வயது. கூட்டங்களில் ஆட்கள் பேசப் பேச அதை அப்படியே எழுத்தாக அடித்து அனுப்புகிற வேலை. காது கேளாதவர்கள் அதைப் படித்துத்தான் கூட்டத்தைப் பின்தொடர்கிறார்களாம். நடுவில் லைன் அறுந்தால் அவர்களுக்குப் பாதிப் பேச்சு போச்சு.

மாதக் கடைசிவரை பார்ப்பார்களாம். லைன் அறாமல் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை. அறுந்துகொண்டே இருந்தால் தலைமை ஆஃபீசுக்குப் போய்விட வேண்டும். ரயிலில் எட்டு மணி நேரம்.

என் மனைவி தன் தையல் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி, பாப்பாவுக்கு மேஜை போட்டு, திரைச்சீலையும் தைத்து மாட்டியிருக்கிறாள். "வீட்லயே வேலை, வீட்லயே சாப்பாடு. வேற என்ன வேணும் ஒரு பிள்ளைக்கு?" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்கிறாள். பாப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஒத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 8, சனி

செல்போன் ரிப்பேர் கடை ஈயத்திடம் ரவுட்டரைப் பற்றிக் கேட்டேன். எந்நேரமும் ஈயம் உருக்குகிற வாசனை அடிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதும் இல்லை.

"இந்த மாடலா? உள்ள மெமரி இருக்குல்ல அண்ணே, அது எண்ணூறுல ஓடக்கூடிய சரக்கு. கம்பெனிக்காரன் சூடாயிடும்னு பயந்து ஐந்நூத்து முப்பத்து மூணுல ஓட விட்டிருக்கான். வீட்ல நாலு போன், டிவி, பாப்பா கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து இழுத்தா மூச்சு வாங்கும். க்ளாக் ஸ்பீடைக் கூட்டிவிடுங்க."

இது எனக்குப் புரிந்தது. சட்டைக் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக் நான். இருபத்தாறு வருஷமாக இதே வேலை: வேகத்தைக் கூட்டு என்பார்கள், கூட்டினால் ஊசி சுடும், நூல் அறும், பிறகு குறை என்பார்கள்.

"சூடாகுமே?"

"ஒரு சின்ன ஃபேன் வைங்க. ஆனா நம்பர் மட்டும் பார்த்துப் போடுங்க அண்ணே. தப்பாப் போட்டா பெட்டி செத்துடும், வெறும் செங்கல்தான்."

மூன்று வரி எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

செங்கல்.

காலையில் தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். பழைய லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ஈயத்தின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். இரண்டு எண், நடுவில் காற்புள்ளி. முதலில் மூளையின் வேகம், அடுத்தது மெமரியின் வேகம்: 1000,800. நான் அடித்தது 800,1000.

எங்கள் கம்பெனியில் மெஷினில் ஒட்டுகிற சீட்டில் சின்ன எண்தான் முன்னால் வரும். ஊசி நம்பர், பிறகு வேகம். கண் பார்த்தது ஒன்று, கை அடித்தது இருபத்தாறு வருஷப் பழக்கம்.

ரவுட்டர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. பிறகு மெதுவாக, சாகப்போகிறவர் மாதிரி, இன்னொரு தடவை. அணைத்துப் போட்டேன். அதே சிமிட்டல்தான். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பாப்பாவுக்குக் கூட்டம் – அவள் அம்மா வந்தால் நான் எங்கே ஒளிவது? அலமாரிக்குள் இடமில்லை.

ஈயத்துக்குப் போன் போட்டேன்.

"அழாதீங்க அண்ணே."

"யாரு அழுதா?"

"பின்னாடி குட்டி பட்டன் இருக்கா? அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே கரண்ட் போடுங்க. முப்பது எண்ணுங்க. எல்லாம் அழிஞ்சு புதுசா எந்திரிக்கும்."

முப்பது என்றார், நான் அறுபது எண்ணினேன். எழுந்துவிட்டது! ஆனால் எல்லாம் அழிந்து. இணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டு, மறுபடி அந்தக் கறுப்புத் திரை. இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்து அடித்தேன். 1000,800. பச்சை விளக்கு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேனை மேலே ஒட்டினேன்.

வைஃபைக்குப் பெயர் கேட்டது. 'அப்பா தொட்டுட்டேன்' என்று போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஒரு தடவைகூட அறவில்லை. மூன்று மணி நேரக் கூட்டம்!

மார்ச் 13, வியாழன்

நான்காவது நாளும் லைன் அறவில்லை. கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கேட்காதவர்களிடமும்.

இவள், அதாவது என் மனைவி, டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கையில்! பாப்பா, "கலக்கிட்டீங்கப்பா" என்றாள். சிரித்தாள். சிரிப்பு சட்டென்று முடிந்துவிட்டது. வேலைக் களைப்பு போல.

மார்ச் 20, வியாழன்

கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். அடுத்த பால்கனியில், அவள் அறைப் பக்கம், பாப்பா தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் போர்வை காய்ந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

"ரூமை விட்றாதடி, ஒரு வாரம் பொறு... இல்லடி, இப்ப என்ன சொல்லிட்டுக் கிளம்புறது? லைன் சரியில்லைன்னு அங்க வந்திடலாம்னு இருந்தேன். அப்பா உட்கார்ந்து சரி பண்ணிட்டாரு... அம்மா திரையெல்லாம் தைச்சு மாட்டியிருக்காங்க. அந்த முகத்தைப் பார்த்து, எனக்குப் போகணும்னு எப்படிடி சொல்றது?"

துணியை எடுக்காமல் உள்ளே வந்துவிட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று இவள் கேட்டாள். ஈரம் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

நானே இவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், பிள்ளை நம்மை விட்டுப் போக ஆசைப்படுகிறாள் என்று ஆகும். லைன் அறுந்தால், பாவம், போகவேண்டி வந்துவிட்டது என்று ஆகும். இரண்டிலும் ரயில் ஒன்றுதான். ஆனால் ஸ்டேஷனில் நிற்கிற அம்மா வேறு.

எனக்கும்தான் – அவள் போக வேண்டாம். அதற்காகத்தானே கூட்டினேன். இல்லை, அவள் வேலைக்காகக் கூட்டினேன். எதற்காகத்தான் கூட்டினேன்?

மார்ச் 23, ஞாயிறு

தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். கறுப்புத் திரை. 1000,533, கம்பெனிக்காரன் விட்ட பழைய வேகம். வாய்விட்டுப் படிக்கத் தேவைப்படவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் இரண்டு தடவை அறுந்தது. மத்தியானம் ஒன்று. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "அளவுக்கு மேல முடுக்கிட்டேன் போல. தாங்கல" என்றேன். நல்ல மெக்கானிக் வாயில் வரக்கூடாத வார்த்தை.

"மறுபடி சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடியாது பாப்பா."

மார்ச் 26, புதன்

"சும்மா இருந்ததை நோண்டி நோண்டிக் கெடுத்துட்டீங்க. இப்ப பிள்ளை ஊரை விட்டுப் போகணும்" என்றாள் இவள். டீ டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே மீதித் திட்டும் இருந்தது. ஈயத்தைக் கடை வாசலில் பிடித்து அவரையும் இரண்டு வாங்கு வாங்கியிருக்கிறாள். அவர் என்னைப் பார்த்து, "எண்ணூறு தாங்குமே அண்ணே, எப்படி?" என்றார். வாசனை மூக்கைப் பிடிக்கிறது என்று நழுவிவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

முடிவு வந்துவிட்டது. நாலாம் தேதி கிளம்புகிறாள். வேலை நன்றாகச் செய்கிறாளாம், லைன்தான் குறையாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஸ்டேஷன். இவள் அழுதாள். ஆனால் என்மேல் கோபப்பட்டுக்கொண்டே அழுததால் பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பாப்பா என் கையைப் பிடித்து, "பாவம்ப்பா நீங்க. எவ்வளவு மெனக்கெட்டீங்க" என்றாள்.

வீட்டில் திரைச்சீலையை இவள் கழற்றவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று சாயங்காலம் முதல் வீடியோ கால். அம்மாவுக்கு முகம் தெளிவாகத் தெரிய வேண்டாமா? காலையில் 1000,800 போட்டு, ஃபேனையும் துடைத்துவிட்டேன்.

நாற்பது நிமிஷம் பேசினாள். தோழி, அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகனக் கொட்டகை, எல்லாவற்றையும் காட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது படம். போன மாதம் பார்க்காத சிரிப்பு, அறாமல்.

திடீரென்று நிறுத்தி, "அப்பா, லைன் ஒரு தடவைகூட நிக்கலையே?" என்றாள்.

"ஃபேன்ல தூசி பாப்பா. துடைச்சேன்."

"இதை முன்னாடியே துடைச்சிருந்தா பிள்ளை இங்கயே இருந்திருக்கும்ல" என்றாள் இவள்.

பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவிலிருந்து விலகவும் முடியவில்லை. பின்னாடி போனால் முழுசாகத் தெரியும் என்று இப்போது தெரியும்.

அன்றைக்குப் போர்வைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.