உப்புத் தாங்கும் ரீல்

பெரிய காஞ்சிபுரம்
செப்டம்பர் 16

அன்புத் தம்பி ஆனந்தராஜுக்கு, அக்கா லில்லி எழுதுவது.

நானும் மகள் திரிஷாவும் சுகம். நீ மஸ்கட்டில் நல்லபடியாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் மாமாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மாமாவின் போன் கடலோடு போய்விட்டது. என் போன் முழுநேரமும் அவர் கையில்தான். பிரேம்நாத் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

மாமாவின் சிநேகிதர் காசிநாதன் கடலில் இறந்துவிட்டார் என்று மட்டும்தான் ஜூலையில் உனக்குச் சொன்னோம். முழுதாகச் சொல்ல மாமா விடவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

அன்று ஞாயிறு காலை. காசியின் லோடு ஆட்டோவில் இரண்டு கயாக்கையும் கட்டிக்கொண்டு மாமாவும் அவரும் வழக்கம்போல மீன் பிடிக்கக் கோவளம் போனார்கள். ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் படகு, அதை நம்பி அவ்வளவு தூரம் கடலுக்குள்! தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல், காசியுடையது முந்தின வாரம் உடைந்திருந்தது. மாமா தன் புது ரீலைத் தான் வைத்துக்கொண்டு, நீ ஓமன் போகும்போது விட்டுப்போன பழைய ரீலைக் காசிக்குக் கொடுத்திருக்கிறார். அது தாமல் ஏரிக்குத்தான் ஆகும், கடலுக்குக் கொண்டு போகாதீங்க மாமா என்று நீ சொல்லியிருந்தாய். மாமா அதற்கு முன்பே நாலைந்து தடவை கொண்டுபோயிருக்கிறார். வந்து நல்ல தண்ணீரில் கழுவிக்கூட வைக்கவில்லை.

காசிக்குப் பெரிய மீன் மாட்டியது. மீன் இழுக்க இழுக்க ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். உள்ளே துருப்பிடித்து இறுகிப்போன ரீல் விடவில்லை. தூண்டில் ராடைக் கயாக்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் படகே கவிழ்ந்துவிட்டது. காசி லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், கிளிப் மாட்டவில்லை. மாமா போய்ச் சேர்வதற்குள் படகும் ஜாக்கெட்டும் மட்டும் மிதந்தன. குதித்துக் குதித்துத் தேடியிருக்கிறார். மறுநாள் மீனவர்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து காசியின் மனைவி நதியா நம் வீட்டுக்கு வந்தாள். மாமா அவள் காலைப் பிடித்துக்கொண்டு ரீல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "உம்மேல தப்பு இல்லண்ணா, அவருக்கு அவ்ளோதான்" என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாப்பாடு நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் ஷெட்டைத் திறப்பதே இல்லை. பட்டுக் கடைக்காரர் ஒருவரின் ஸ்கூட்டர் பாதி பிரித்தபடி உள்ளே கிடக்கிறது.

இப்போது அவருக்கு ஒரே வேலை, போனில் ரீலும் ராடும் பார்ப்பது. திரிஷாவின் பழைய நோட்டில் பெயர்களை எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். உட்கார்ந்தபடி வீசுவதற்கு ஏழு அடிக்கு மேல் ராடு வேண்டாமாம். கார்பன் ராடு லேசு, ஆனால் படகு ஓரத்தில் இடித்தால் விண்டுபோகும், கண்ணாடி நார் கலந்ததுதான் நமக்குச் சரி என்கிறார். தன் புது ரீலும் உப்புக்கு நிற்காது என்று ஒதுக்கிவிட்டார், வேறு ரீலில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. "நம்ம கைக்கு எட்டற வெலையில உப்பு தாங்கறது ஒண்ணுகூடவா இல்ல லில்லி?" என்று கேட்கிறார்.

எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அதே எடத்துக்குப் போவணும். அதே மாதிரி மீனு மாட்டணும். நல்ல ரீலா இருந்தா காசி பொழச்சிருப்பானான்னு நான் பாக்கணும்மா" என்றார்.  ஏதோ ஒன்றை வாங்க நினைக்கிற மனுஷன் நாளைக்கும் இருக்க நினைக்கிறான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படங்களைப் பார்த்தேன். அன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்தால் கயாக்கைக் காணோம். ராடும் ரீலும் சுவரில் சாய்ந்திருந்தன. லைஃப் ஜாக்கெட் ஆணியில் தொங்கியது.

லோடு ஆட்டோ முனிரத்தினம்தான் மாலையில் அவரை அழைத்துவந்தான். என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னான்: "அக்கா, ரொம்ப தூரம் போயி துடுப்ப மடியில வெச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருந்தாரு. அது பாட்டுக்கு இழுத்துக்கினு போவுது. போட்டுக்காரங்க போயி கட்டி இழுத்தாந்தாங்க. இனிமே என்ன கூப்ட வேணாம்னு சொல்லுக்கா." மாமா, மீன் எங்கே கிடைக்கிறது என்று பார்க்கப் போனதாகச் சொன்னார். திரிஷா சோறு போட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

தம்பி, அன்று உன் பேச்சைக் கேட்கவில்லையே என்றுதான் அவர் மாய்ந்துபோகிறார். இனி நீ சொன்னால் கேட்பார். என் நம்பருக்குக் கூப்பிடு, அவர்தான் எடுப்பார். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. ரீலைப் பற்றியே பேசு, நிறைய பேசு. அவர் எழுதி வைத்திருக்கும் ஒவ்வொன்றிலும் ஏதாவது குறை சொல். விலையும் மலிவு, உப்பும் உள்ளே இறங்காது, அப்படி ஒன்று மஸ்கட்டில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு நானே கொண்டுவருகிறேன், அதுவரை கடலில் கால் வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கு. வந்தால் அவரோடு நீயும் போ.

அப்படி ஒரு ரீல் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று சொல். அந்தப் பாவம் எனக்கு வரட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கூப்பிடுடா, தம்பி.

உன்னையே நம்பியிருக்கும் அக்கா,
லில்லி