மருமகளுக்கு வந்த சிவப்பு உறையும் என் கட்டைவிரலும்

அனுப்புநர்:
பாங் ஷௌமிங்,
ஓய்வுபெற்ற மதகுக் காவலர்,
கால்வாய்த் தெரு, ஜியாஷிங்.

பெறுநர்:
சமரச அலுவலர்,
கால்வாய்த் தெருக் குடியிருப்போர் குழு.

பொருள்: உறக்கத்தில் கட்டைவிரல் செய்த காரியத்தால் நான் மருமகளாக்கப்பட்டது – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்தொரு ஆண்டுகள் மதகைத் திறந்து மூடி, இவ்வூரைக் கடலோடு சேராமல் தனியொருவனாகக் காத்த நான், இன்று ஒரு கைப்பேசியிடம் தோற்று நிற்கிறேன்.

2. சென்ற ஞாயிறு, என்னோடு ஒரே வீட்டில் வசிக்கும் அண்ணனின் மகன் ஹாவ்சுவானின் திருமண விருந்து முடிந்து, கைப்பேசியும் கையுமாகச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். கனவில் கால்வாய் முழுக்கச் சிவப்புக் கெண்டைகள். படகு நீளத்தில் ஒன்று மிதந்து வந்து மூக்கை நீட்டியது. மூக்கைத் தொட்டேன், வயிற்றையும் தடவினேன். சில்லறை கொட்டும் ஓசையில் விழித்தேன்.

3. தொட்டது கெண்டையை அல்ல. மாமியாரை முதன்முதலாக ‘அம்மா’ என்று அழைப்பதற்காக, புது மருமகள் நிங்யாவுக்கு அண்ணி குய்ஃபென் கைப்பேசி வழியே அனுப்பிய, முதலில் தொடுபவர் கணக்கில் காசு கொட்டும் சிவப்பு உறையை; நூற்று எண்பத்தெட்டு யுவான். அவளுக்குத் தனியே அனுப்ப வேண்டியதை அண்ணி அவசரத்தில் கைப்பேசியின் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். ‘மருமகளுக்கு’ என்று எழுதியிருந்ததால் நாற்பத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் விரலுக்கு மட்டும் எழுத்து தெரியாது.

4. அன்றிலிருந்து குழுவில் அண்ணியின் குரல்தான். “தம்பி, காசு வாங்கியாச்சுல்ல? எங்க, வாய் நிறைய அம்மான்னு கூப்பிடுங்க பாப்போம்!” அண்ணன் தன் பங்குக்கு, “மருமகளே, டீ ஆறிப்போச்சும்மா!”

5. இருமுறை திருப்பி அனுப்பினேன். அண்ணி தொடவில்லை. “குடுத்த உறை திரும்பி வந்தா மருமகளும் திரும்பிப் போயிடுவா.” இன்னொன்று அனுப்பவும் மாட்டாராம், அது இரண்டாம் மருமகளை அழைத்து வருமாம். நானே நிங்யாவிடம் கொடுத்தாலும் செல்லாதாம், மாமியார் கையிலிருந்துதான் வர வேண்டுமாம். யாரும் திறக்காத உறை இருபத்து நான்கு மணி நேரம் மிதந்துவிட்டு, வாத்தைப் போல என்னிடமே வந்து சேர்கிறது.

6. ஐயா, சிரிப்பு இத்தோடு சரி. உறை கைக்கு வராததால் ‘அம்மா’ என்றும் அழைக்க முடியாமல், பழையபடி ‘அத்தை’ என்றும் அழைக்கக் கூடாமல், நான்கு நாட்களாக நிங்யா எதிரே போய் நின்று கனைக்கிறாள். ஒவ்வொரு கனைப்புக்கும் அண்ணி சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு கரண்டியைப் பார்க்கிறார். சனிக்கிழமை மணமக்கள் வடக்கே தொலைவிலுள்ள ஷென்யாங் நகருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

7. இன்று முற்பகல் சமையலறை முழுதும் ஆவி. மேகத்துக்குள் குடித்தனம் நடப்பதுபோல் இருந்தது. அண்ணி முதுகைக் காட்டி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அலமாரியைத் துழாவிய நிங்யா தன்னை மறந்து, “அம்மா, வினிகர் எங்கம்மா இருக்கு?” என்றாள். வாசற்படியில் நின்ற எனக்குக் கேட்டது; புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் அண்ணிக்குக் கேட்கவில்லை. சொன்னவள் காது சிவந்து வெளியே ஓடிவிட்டாள். அண்ணியிடம் சொன்னேன். “மறுபடியும் தூக்கமா, தம்பி?” என்றார்.

எனவே, சனிக்கிழமைக்கு முன் தாங்கள் முத்திரையோடு நேரில் எழுந்தருளி, என் சாட்சியத்தைப் பதிவுசெய்து, அந்த விசிறியை அணைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். நூற்று எண்பத்தெட்டு யுவான் சாட்சிக் கூலியாக என்னிடமே இருக்கட்டும். நிங்யா மறுபடியும் கேட்டாக வேண்டும் என்பதற்காக, வினிகர் புட்டியை என் நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தாங்கள் வரும்வரை இந்த வீட்டில் யாருக்கும் புளிப்பு கிடையாது.

நாள்: 9.10.2025
இடம்: ஜியாஷிங்

பணிவுடன்,
பாங் ஷௌமிங்
(மருமகள் அல்ல)