மண்புழு வாளியில் கருவாடு

அன்புள்ள அம்மாவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து மதிவதனி எழுதுவது. முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

காய்கறித் தோலை உரமாக்க, பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி மண்புழு விட்டிருந்தேன். வீட்டுக்காரம்மாவே மெச்சினார். நீ அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்த அன்று, "இந்த வாடை இன்னொரு தரம் வந்தா வேற வீடு பாத்துக்கம்மா" என்றார். குப்பையில் போட்டாலும் தெரிந்துவிடும் என்று, மிச்சத்தை வாளி மண்ணுக்குள் புதைத்தேன். உப்புப் பட்டுப் புழுக்களெல்லாம் செத்துவிட்டன. கோட்டுச்சேரிமேட்டில் உப்போடு வளர்ந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

வேறொன்றுமில்லை. இனிக் கருவாடு அனுப்பாதே. நீ மீன் விற்பது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. இங்கே வரும்போது கட்டிக்கொள்ளப் புதுச்சேலை வாங்கியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கே எடுத்து வருகிறேன், அங்கேயே மாற்றிக்கொள்.

வேலைக்கு நேரமாகிறது.
மதி