வேகாத பருப்பும் ஒரு ஆறும்

குளியலறைச் சுவரில் மறுபடியும் உப்புப் பூத்திருக்கிறது. விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இந்தக் கெட்ட பழக்கம் உன்னிடமிருந்து தொற்றியது. பெயின்ட் அடிக்க வந்தவன், "கோயி பாத் நஹி ஆன்ட்டி, புட்டி லகா தேங்கே" என்றான். பூசி மறைத்துவிடுவானாம்! முதலில் ஒழுகுகிற பைப்பைப் பார் என்று ஒரு கத்து கத்தினேன். பிளம்பரைக் கூட்டிவரப் போயிருக்கிறான். அதற்குள் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரும் இப்படித்தான் பூக்கும். நான் கணக்குப் பிரிவில் ஃபைல் தள்ளுகிறவள். நீ கால்வாய் இன்ஜினீயர், மாதத்தில் பாதி நாள் ஹரியானாவில் ஜீப்பில் கிடப்பாய். அந்தச் சுவரைக் காட்டித்தான் உன் வேலையை எனக்குப் புரியவைத்தாய்.

"செங்கலுக்குள்ள உப்பு சும்மா தூங்கிட்டுதான் கிடக்கு. ஒழுகுத தண்ணிதான் அதை எழுப்பி வெளிய கூட்டிட்டு வருது."

உன் கால்வாயும் அப்படித்தான். மண் கரை வழியே கசிகிற நல்ல தண்ணீர் பூமிக்குள் இறங்கி, அங்கே காலகாலமாகக் கிடக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல ஆற்றில் போய்ச் சேருகிறது. ஆறு கரிக்கிறது. "அதுக்கென்ன, இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணிய ஆத்துல விட வேண்டியதுதானேடி" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"ஏட்டி, அதுவும் அந்த ஓட்டைக் கால்வாய் வழியாத்தானே வரணும்? இன்னும் உப்பைத்தான் அள்ளிட்டு வரும்" என்று சிரித்தாய்.

ஒருமுறை என்னையும் அந்தச் சின்ன ஆற்றின் கடைசிக் கிராமத்துக்கு இழுத்துப் போனாய். சாம்பார் இல்லாமல் உனக்கு ஒரு வேளை இறங்காது. அதனால் ஜீப்பில் ஸ்டவ், துவரம் பருப்பு, குட்டி குக்கர் எல்லாம் உண்டு. உப்பை அளக்கும் கருவியும் இருந்தது. அது காட்டிய எண்ணை ரிப்போர்ட்டில் எழுதினாய். நம்பியது என்னவோ குக்கரைத்தான். ஆற்றுத் தண்ணீரில் பருப்பைப் போட்டாய். விசில் மேல் விசில் வந்தது. திறந்தால் பருப்பு கூழாங்கல் மாதிரி கிடந்தது. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள் நீ, முகம் சுண்டிப்போயிற்று.

நமக்கு முற்றத்தில் இடம் கொடுத்த அந்த வீட்டுக்காரி சிரித்தாள். அங்கே தால் வேகவே வேகாதாம். சமையலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து குடம் சுமந்து வருகிறாளாம். இந்தத் தண்ணீரைக் கேள்விப்பட்டு அவள் மகனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லையாம். நீ உன் திருநெல்வேலி ஹிந்தியில் வாக்குக் கொடுத்துவிட்டாய்: மேலே கால்வாய்க்கு சிமென்ட் போடப் போகிறோம், ஒருநாள் உன் ஆற்றுத் தண்ணீரிலேயே சாம்பார் வைத்துத் தருகிறேன். இங்கே ஒரு கல்லைக்கூடத் தொடாமலா என்று அவள் கேட்டாள்.

திரும்பும்போது, "நடக்கலன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பே?" என்று சீண்டினேன். நீ வெளியே பார்த்தபடி, "எனக்கும் பயமாத்தான்டி இருக்கு" என்றாய்.

கால்வாயில் தண்ணீரை நிறுத்தி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, மேலே கான்கிரீட் போட்டு முடித்தீர்கள். ஆறு உடனே திருந்திவிடவில்லை. பூமிக்குள் இறங்கியிருந்த உப்பு அதன் போக்கில்தான் வடியும் என்றாய். நீ போய்ப் போட்டுப் பார்த்த ஒவ்வொரு தடவையும் பருப்பு அரைவேக்காட்டில் நின்றது. நீ ஓய்வு பெற்றாய், பிறகு படுத்தாய். ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்த என்னிடம், "அங்க யாராவது பருப்பு போட்டுப் பாத்தாங்களா?" என்றுதான் கேட்டாய். பதில் தெரியாமலேயே போன குளிர்காலத்தில் போய்விட்டாய்.

இந்த மழை ஓய்ந்ததும் உன் மகனிடம் குக்கரை வாங்கிக்கொண்டு நான் போனேன். அதே முற்றம். அவளே ஆற்றில் குடம் மொண்டு வந்தாள். விசில் அடங்கித் திறந்தேன். பருப்பு பூவாய் வெந்திருந்தது. கரண்டியால் தொட்டதும் மசிந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஆற்றில் யாரும் எதையும் கொட்டவில்லை, எதையும் எடுக்கவில்லை. எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு ஒழுகலை அடைத்தீர்கள். அவ்வளவுதான். பூமிக்கு அடியில், யாரும் பார்க்காமல், உப்பு மறுபடி தூங்கப் போயிருக்கிறது. கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றியதே இல்லை. கரையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சாம்பாரைச் சுவைத்துவிட்டு, புளி ஜாஸ்தி என்றாள் அவள். பிறகு, "மேடம் நஹி ஆயீ?" என்று நீ வராததைக் கேட்டாள். சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து புது மருமகள் எட்டிப் பார்த்தாள்.

பிளம்பர் வந்துவிட்டான். சுவரை உடைத்து, பைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் காட்டுகிறான். காய நாளாகுமாம். ஆகட்டும், அவசரமில்லை.

வருகிற குளிரில் உன் முதல் திதி. சமையலுக்கு அந்த ஆற்றுத் தண்ணீர்தான் என்று உன் மகனிடம் சொல்லிவிட்டேன். குடத்தைத் தானே நிரப்பித் தருவதாக அந்த வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். நீ வைக்க வேண்டிய சாம்பாரை உனக்கு நான் வைக்கிறேன். உப்பு மட்டும் நாங்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.